எலிப் பல்லில் ஒரு வளைவு

என் வலது கண்ணில் நடுப்பார்வை இல்லை. ஒருவர் எதிரே நின்றால் அந்தக் கண்ணுக்கு அவர் காது தெரியும், தோள் தெரியும். முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஈரத் துணியால் துடைத்த சிலேட்டு மாதிரி ஒரு கலங்கல்தான் தெரியும். அந்தப் பார்வையை யாரும் என்னிடமிருந்து பிடுங்கவில்லை. ஏறக்குறைய ஏழு மாதம் நானே உட்கார்ந்து, நோட்டுப் போட்டு, தேதி எழுதி, கொஞ்சம் கொஞ்சமாகப் பறிகொடுத்தேன். என் வாழ்க்கையிலேயே நான் மிகச் சந்தோஷமாக இருந்த மாதங்கள் அவைதான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதை நினைத்தால் இப்போதும் என் மேலேயே எனக்கு ஆத்திரமாக வருகிறது.

எங்கள் வீடு சங்கரன்கோவிலில் பஸ் ஸ்டாண்டை ஒட்டிய தெருவில் இருக்கிறது. முன்பக்கம் என் வீட்டுக்காரரின் வாட்ச் கடை, பின்பக்கம் குடித்தனம். நான் விலங்கியல் படித்தவள். பதினான்கு வருஷம் ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராக இருந்தேன். கௌரவம் அந்தப் பதவியின் பெயரில் மட்டும்தான் இருந்தது. ஒவ்வொரு ஜூனிலும் இந்த வருஷம் வேலை உண்டா இல்லையா என்று கேட்டுக்கொண்டு முதல்வர் அறை வாசலில் நிற்க வேண்டும். பாதியில் விட்ட ஆய்வேடு ஒன்று பீரோவில் கிடந்தது. என்னோடு படித்தவர்கள் பெயருக்கு முன்னால் டாக்டர் போட்டுக்கொண்டு வாட்ஸப்பில் காலை வணக்கம் அனுப்புவார்கள். நான் பதில் போட மாட்டேன். பொறாமைதான், வேறென்ன.

ஒரு ஜூனில் கல்லூரி என்னைக் கூப்பிடவில்லை. அடுத்த பொங்கல் கழிந்ததும், சென்னையில் இருக்கும் என் பழைய மாணவி ஒருத்தி மூலமாக ஒரு வேலை வந்தது. வெளிநாட்டு அருங்காட்சியகம் ஒன்றில் பல வருஷம் எலிகளை ஆராய்ந்து ஓய்வு பெற்ற ஓர் அம்மையாருக்கு, பல் பார்த்து எலியைப் பிரிக்கத் தெரிந்த ஆள் தேவைப்பட்டது. எலிப் பல் எனக்குத் தெரியும். பீரோவில் கிடந்த ஆய்வேடு கரிசல் காட்டு எலிகளின் பல்லைப் பற்றியதுதான். திருவேங்கடம் பக்கம் பருத்திக்காட்டு வளைகளில் பிடித்த எலிகளின் தாடைகளை ஒரு காலத்தில் நான் மிக்சர் டப்பாவில் போட்டு வைத்திருந்தேன். கல்யாணமான புதிதில் அதைத் திறந்து பார்த்த என் மாமியார் இரண்டு நாள் என் கையால் சாப்பிடவில்லை.

அம்மையார் ஆராய்ந்தது தென் அமெரிக்காவில் மட்டும் இருக்கிற ஒரு சிறிய பேரினம். பேரினம் என்றால் பல சிற்றினங்கள் சேர்ந்த ஒரு குடும்பப் பெயர் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த எலியின் அறிவியல் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அதன் பெயரை ஒரு தடவை கெடுக்கப் பார்த்தது போதும். ஆண்டிஸ் மலைக்குக் கிழக்கே, முள்ளும் கள்ளியுமாகக் கிடக்கும் உலர்ந்த காட்டில் அது வாழ்கிறது. சுண்டெலியைவிடக் கொஞ்சம் பெரிது. வயிறு வெள்ளை, வால் நுனியில் சின்னதாக ஒரு குஞ்சம். உலகத்தில் இதைப் பற்றி அக்கறைப்படுகிறவர்கள் எல்லோரும் ஒரே வேனில் அடங்கிவிடுவார்கள்.

அந்த வேனுக்குள்ளேயும் சண்டை. முதலில் இந்த எலியை வேறொரு பேரினத்தில் வைத்திருந்தார்கள். ஒருவர் வந்து இது தனி என்று பிரித்தார். இன்னொருவர் தனியெல்லாம் இல்லை, உட்பிரிவுதான் என்று திரும்பக் கொண்டுபோய்ச் சேர்த்தார். பிறகு மறுபடியும் தனி. கல்யாணமாகிப் போன பெண்ணின் பெயரை ஒரு ரேஷன் கார்டில் நீக்கி இன்னொன்றில் சேர்த்து, மறுபடி பழைய கார்டுக்கே கொண்டுவருகிற அலைச்சல்தான் இதுவும். கடைசியில் மிஞ்சிய கேள்வி ஒன்று. மலையடிவாரத்தில் மேற்கே இருப்பதும், சமவெளியில் கிழக்கே இருப்பதும் ஒரே சிற்றினமா, இரண்டா? அதற்குப் பதில் அதன் பல்லில் இருக்கக்கூடும் என்று அம்மையார் நம்பினார்.

மேல் தாடையில் பக்கத்துக்கு மூன்று கடைவாய்ப்பற்கள். முதல் பல் எள்ளைவிடக் கொஞ்சம் பெரிது. அதன் மேற்பரப்பில் மேடும் பள்ளமுமாக ஒரு வயலே இருக்கும். நடுவில் கன்னப் பக்கத்திலிருந்து நாக்குப் பக்கமாக ஒரு வரப்பு குறுக்கே ஓடும். அந்த வரப்பு எப்படி ஓடுகிறது, எங்கே முடிகிறது என்று பார்த்து எழுதுவதுதான் என் வேலை. வரப்பு நேராக இருந்தால் பூஜ்யம். இலேசாக வளைந்தால் ஒன்று. நன்றாக வளைந்தால் இரண்டு. ஒடிந்த மாதிரி மடங்கினால் மூன்று.

மண்டையோடுகள் அங்கேயே இருந்தன. எனக்கு வந்தவை படங்கள். கணினித் திரையில் பார்த்தால் அரை மணி நேரத்தில் எனக்குத் தலை வலித்துவிடும். பத்து வயதிலிருந்து கண்ணாடி போடுகிறவள் நான். இரண்டு கண்ணிலும் பவர் மைனஸ் பன்னிரண்டுக்குப் பக்கம். பள்ளிக்கூடத்தில் என் பெயர் சோடாபுட்டி. அதனால் படங்களைக் கலர் லேபில் கொடுத்துப் பளபளப்புத் தாளில் போட்டு வாங்கிக்கொள்வேன். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, வீட்டுக்காரர் வாட்ச் பார்க்கும்போது கண்ணில் இடுக்கிக்கொள்கிற லென்ஸ் ஒன்றை வலது கண்ணில் இடுக்கி, இடது கண்ணை மூடி, தாளின் மேல் குனிந்துவிடுவேன். எப்போதும் வலது கண்தான். கையில் எழுதுவது போல அதுவும் ஒரு பழக்கம்.

முதல் நாள் அவர் கடையிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

“ஏட்டி, நம்ம கடைக்கு ரெண்டாவது மெக்கானிக் வந்தாச்சு போல.”

“நீங்க ஓடுத வாட்ச நிப்பாட்டுத மெக்கானிக். நான் அப்படி இல்ல.”

படங்கள் அருங்காட்சியகத்தின் பெட்டி வரிசையில் வந்தன. முதலில் கிழக்குப் பெட்டிகள், அப்புறம் மேற்குப் பெட்டிகள். தையிலிருந்து பங்குனி வரை கிழக்கு. நோட்டில் பக்கம் பக்கமாகப் பூஜ்யம். ஒன்றிரண்டு இடத்தில் ஒன்று. ஒவ்வொரு பல்லையும் பென்சிலால் வரைந்து, பக்கத்தில் எண்ணும் தேதியும் போடுவேன். இப்படி இடவாரியாக வரிசையாக அளக்கக் கூடாது, கலைத்துப் போட்டு, எந்த ஊர் எலி என்று தெரியாமல்தான் அளக்க வேண்டும் என்று பதினான்கு வருஷம் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதிக் கொடுத்தவள் நான். பரீட்சையில் ஐந்து மதிப்பெண் கேள்வி அது. ஆனாலும் அம்மையாரிடம் கலைத்து அனுப்புங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வந்த வேலை போய்விடுமோ என்று பயம்.

சித்திரையில் மேற்குப் பெட்டி திறந்தது. நாலாவது படமோ ஐந்தாவது படமோ, வரப்பின் நடுவில் இலேசாக ஒரு நெளிவு. லென்ஸைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். இருந்தது. அடுத்த படத்திலும் இருந்தது. பக்கத்துத் தறிக்கூடத்தில் விசைத்தறிச் சத்தம் ஓடிக்கொண்டிருந்தது. என் நெஞ்சு அதற்கு மேல் அடித்தது. மேற்கு எலியின் பல் வேறு. இரண்டு சிற்றினம். அதை உலகத்தில் முதன்முதலாகப் பார்த்தவள் சங்கரன்கோவிலில் ஒரு வாட்ச் கடையின் பின்கட்டில் உட்கார்ந்திருக்கிறாள்.

அம்மையாரிடம் வாரம் ஒரு நாள் காலை ஏழு மணிக்கு வீடியோவில் பேசுவேன். வழக்கமாக அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு குறிப்பெடுப்பார். அன்றைக்குப் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். தனக்குப் படத்தில் அவ்வளவு தெளிவாகத் தெரியவில்லை, ஆனால் தன் கண்ணுக்கு எழுபத்தைந்து வயதாகிறது, உங்கள் கண்ணைத்தான் நம்புகிறேன் என்றார். கட்டுரை வந்தால் அதில் உங்கள் பெயர் இரண்டாவதாக இருக்கும் என்றும் சொன்னார். அன்று நான் சந்தையில் ஒரு முழம் கேட்காமல் மூன்று முழம் பிச்சிப் பூ வாங்கினேன். வீட்டுக்காரர் என்ன விசேஷம் என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

வைகாசியில் ஒரு மதியம் கண்ணாடியைக் கழற்றாமலே கட்டிலில் இடது பக்கமாகச் சாய்ந்து படுத்திருந்தேன். இடது கண் தலையணையில் புதைந்திருந்தது. எதிரே ஜன்னல் கிரில். அதில் நடுக்கம்பி ஒன்று இடுப்பு ஒடிந்த மாதிரி உள்பக்கம் வளைந்து நின்றது. போன வருஷம்தான் மாட்டிய கிரில். எனக்கு வந்த கோபத்தில் எழுந்து உட்கார்ந்து, அதைச் செய்த வெல்டருக்கே போன் போட்டேன். துட்டை வாங்கிக்கொண்டு கோணல் கம்பியை வைத்துவிட்டாய் என்று வாய்க்கு வந்தபடி பேசினேன். அவர் சாயங்காலம் இரும்பு ஸ்கேலோடு வந்தார். கம்பியின் மேல் வைத்துப் பார்த்தார். மேலிருந்து கீழே இரண்டு தடவை வைத்தார்.

“டீச்சர், கம்பி நேராத்தான் இருக்கு. நீங்களே வந்து பாருங்க.”

நின்றுகொண்டு இரண்டு கண்ணாலும் பார்த்தேன். நேராகத்தான் இருந்தது. அவருக்கு ஒரு டீ போட்டுக் கொடுத்து அனுப்பினேன். தூக்கக் கலக்கம் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் இரண்டு நாள் தெருவில் போகிற வருகிறவர்களிடமெல்லாம், எங்க வீட்டுக்கு வந்தா நேரா நில்லுங்க, டீச்சர் வெல்டரைக் கூப்பிட்டுருவா என்று சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். நானும் சிரித்தேன். அன்றைக்கே ஒரு கையால் இடது கண்ணைப் பொத்திப் பார்த்திருந்தால் போதும். அதற்கு ஒரு நொடி ஆகியிருக்கும்.

ஆனியில் வளைவு இரண்டாகிவிட்டது. நோட்டில் ஒன்றுகள் குறைந்து இரண்டுகள் வரத் தொடங்கின. மேற்குப் பெட்டிகளிலும் ஒரு வரிசை இருந்தது. அடிவாரம் முதலில், மேடு பிறகு. அதனால் எனக்கு விஷயம் இன்னும் தெளிவாகப் புரிந்தது. மேற்கே போகப் போக, உயரம் ஏற ஏற, வரப்பின் வளைவு ஆழமாகிறது. கல்லும் மண்ணும் கலந்த கடினமான விதைகளைக் கொறிப்பதால் பல் அப்படி மாறியிருக்கலாம் என்று ஒரு விளக்கமும் எழுதினேன். நான் எழுதியதிலேயே மிக நல்ல இங்கிலீஷ் அந்தப் பத்திதான்.

ஒரு நாள் வீட்டுக்காரர் சாப்பிட உள்ளே வந்தவர், மேஜையில் கிடந்த படத்தைச் சும்மா கையில் எடுத்தார். நெற்றியில் ஏற்றிவிட்டிருந்த தன் லென்ஸை இறக்கிப் பார்த்தார். முப்பது வருஷமாக மயிரிழைப் பல் சக்கரங்களைப் பார்த்துப் பழகிய கண் அது.

“எதட்டி வளைஞ்சிருக்குன்னு சொல்லுத?”

“அந்த நடு வரப்பு. குறுக்க ஓடுதுல்லா, அது.”

அவர் படத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். திருப்பிப் பிடித்துப் பார்த்தார். “எனக்கு நேராத்தான தெரியுது.”

“உங்களுக்கு என்ன தெரியும் இதப் பத்தி? நீங்க சக்கரத்தப் பாருங்க, பல்ல நான் பாக்குதேன்.”

சொன்ன விதம் சரியில்லை. படிக்காதவர் என்று குத்திக்காட்டுகிற மாதிரி இருந்தது. குத்திக்காட்டத்தான் செய்தேன். அவர் படத்தை வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். ரசம் ஊற்றும்போது மெதுவாகச் சொன்னார்.

“திருநவேலிக்குப் போயி ஒரு தடவ கண்ணக் காட்டிட்டு வந்துருவோம். எதுக்கு இப்படி குனிஞ்சு குனிஞ்சு கெடுக்க?”

“இந்தப் பெட்டி முடியட்டும்.”

அந்தப் பெட்டி முடிந்தபோது ஆடித் தபசுத் திருவிழா வந்துவிட்டது. பத்து நாள் ஊருக்குள் நடக்கக்கூட இடம் இருக்காது, கடைக்கு வியாபாரமும் அப்போதுதான். தபசு முடியட்டும் என்றேன். தபசு முடிந்ததும், தேரடிப் பக்கம் கண்ணாடிக் கடையில் பவர் மட்டும் பார்த்துக்கொண்டேன். மிஷினில் மோவாயை வைக்கச் சொல்லிவிட்டு, வலது பக்கம் கொஞ்சம் கூடியிருக்கிறது என்றார்கள். புதுக் கண்ணாடி போட்டதில் நாலு நாள் எல்லாம் பளிச்சென்று இருந்த மாதிரி இருந்தது. கண்ணைக் காட்டியாயிற்று என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். பொய் என்று சொல்ல முடியாது. உண்மையும் இல்லை.

புரட்டாசியில் கரிவலம்வந்தநல்லூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுப் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். ஜன்னலோரம். இடது கண்ணில் தூசி விழுந்துவிட்டது. கண்ணாடிக்கு அடியில் விரலை விட்டு அதைக் கசக்கிக்கொண்டிருக்கும்போதே கண்டக்டர் பக்கத்தில் வந்து டிக்கெட் கேட்டார். நிமிர்ந்து பார்த்தேன். அவருக்கு மூக்கு ஒரு பக்கம் சரிந்திருந்தது. வாய் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. ஆனால் குரல் வந்துகொண்டிருந்தது. “எங்கம்மா போணும்? சங்கரன்கோயிலா?” நான் பையில் கையை விட்டுத் துழாவினேன். தூசி போனதும் மறுபடி பார்த்தேன். நல்ல களையான முகம், மெல்லிய மீசை. புதுக் கண்ணாடி சரியில்லை, அந்தக் கடைக்காரனை ஒரு வழி பண்ண வேண்டும் என்று நினைத்துக்கொண்டே வந்தேன். பயம் வரவில்லையா என்று கேட்டால், வந்தது. வந்த பயத்தை நான் கண்ணாடிக் கடைக்காரன் தலையில் கட்டிவிட்டேன்.

கட்டுரை ஏறக்குறைய தயாராகிவிட்டது. அம்மையார் புதுச் சிற்றினத்துக்கு ஒரு லத்தீன் பெயர் சொன்னார். வளைந்த பல்லுடையது என்று பொருள். அதற்குப் பக்கத்தில் பெயர் வைத்தவர்களாக அவர் பெயரும் என் பெயரும். எத்தனை வருஷம் கழித்து யார் அந்த எலியைப் பற்றி எழுதினாலும் என் பெயரை எழுதித்தான் ஆக வேண்டும். ஒரு காகிதத்தில் அதை எழுதி, பைபிளுக்குள் வைத்துக்கொண்டேன். ஜெபம் பண்ணும்போது அதைத் தொட்டுக்கொள்வேன். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் செய்தேன்.

பத்திரிகைக்கு அனுப்பும் முன்பு ஒரு சின்னச் சோதனை மட்டும் மீதி என்று அம்மையார் சொன்னார். கிழக்கும் மேற்குமாகக் கலந்து நாற்பது படம், எண் இல்லாமல், ஊர் இல்லாமல் அனுப்புகிறேன், நீங்கள் இரண்டாகப் பிரித்துத் தாருங்கள். இது வெறும் சம்பிரதாயம், கோபித்துக்கொள்ள வேண்டாம் என்றார். நான் சிரித்தேன். அரை நாள் வேலை என்றேன்.

ஐப்பசி. காலையிலிருந்து மழை. கடையில் ஆள் இல்லை. படங்களை மேஜையில் அடுக்கி, லென்ஸை இடுக்கி, ஆரம்பித்தேன். முதல் படம் மூன்று. மேற்கு, வலது பக்கம் வைத்தேன். இரண்டாவது மூன்று. வலது பக்கம். பத்தாவது படம் வரை வலது பக்கம்தான் ஏறியது. அம்மையார் என்னைச் சோதிக்க முதலில் மேற்கை எல்லாம் சேர்த்து வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். இருபது. முப்பது. இடது பக்கம் மேஜைப் பலகை காலியாகக் கிடந்தது. நாற்பதாவது படத்தையும் வலது பக்கம்தான் வைத்தேன்.

எல்லாமே மேற்கு எலியை அனுப்பி என்னை ஏமாற்றியிருக்கிறார் என்று முதலில் அம்மையார் மேல் கோபம்தான் வந்தது. மேலாக இருந்த படத்தைக் கையில் எடுத்தேன். லென்ஸ் இல்லாமல், வெறும் கண்ணால். முன்பல் ஒன்று பாதி உடைந்த மண்டையோடு. அண்ணத்தில் பழைய மைக் கறை. இந்தக் கறையை எனக்குத் தெரியும். நோட்டைப் புரட்டினேன். தை மாதப் பக்கம் ஒன்றில் அது இருந்தது. உடைந்த பல், மைக் கறை, என் பென்சில் கோடு. கிழக்கு. வரப்பு நேர். பூஜ்யம்.

அந்தப் படத்தை மறுபடி மேஜையில் வைத்து, லென்ஸை வலது கண்ணில் இடுக்கினேன். வரப்பு ஒடிந்து கிடந்தது. அப்போதுதான், அத்தனை மாதத்தில் முதன்முதலாக, லென்ஸை எடுத்து இடது கண்ணில் வைத்து வலது கண்ணை மூடினேன். நேர். ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நேர். வலது கண்ணுக்கு மாற்றினேன். ஒடிந்தது. இடது. நேர். எத்தனை தடவை மாற்றினேன் என்று தெரியவில்லை. பிறகு லென்ஸைக் கழற்றிவிட்டு, கோடு போட்ட நோட்டின் வெற்றுப் பக்கத்தை முகத்துக்கு நேராகப் பிடித்து வலது கண்ணால் மட்டும் பார்த்தேன். கோடுகள் எல்லாம் நடுவில் தண்ணீரில் விழுந்த மாதிரி உள்ளே போய் வளைந்தன. வளைவின் நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு பொட்டு. அது எவ்வளவு நாளாக அங்கே இருக்கிறதோ.

எழுந்து கடைக்குப் போனேன். அவர் ஒரு டைம்பீஸின் பின்மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

“ஏங்க, பல்லுல ஒண்ணும் இல்ல. எனக்குக் கண்ணு போயிருச்சு.”

அவர் கையிலிருந்த திருகு உருண்டு தரையில் ஓடியது. அதை அவர் தேடவில்லை.

மறுநாளே திருநெல்வேலிக்குப் போனோம். பெரிய கண் ஆஸ்பத்திரி. சொட்டு மருந்து விட்டு, மணிக்கணக்கில் உட்கார வைத்து, கண்ணுக்குப் பின்னால் படம் எடுத்தார்கள். டாக்டர் சின்னப் பெண், என் மாணவிகள் வயதுதான் இருக்கும். பவர் இவ்வளவு அதிகமாக இருக்கிறவர்களுக்கு விழித்திரைக்கு அடியில் புதிதாக ரத்தக் குழாய் முளைத்துக் கசியும், கோடுகள் வளைந்து தெரிவதுதான் அதன் முதல் அடையாளம், அப்போதே வந்தால் கண்ணுக்குள் ஊசி போட்டு நிறுத்திவிடலாம் என்று பொறுமையாகச் சொன்னார். அப்புறம் கேட்டார்.

“எத்தன நாளா இப்படி வளைஞ்சு தெரியுது? தோராயமாச் சொன்னாப் போதும் மேடம்.”

எனக்குத் தோராயமாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நோட்டைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். ஏன் கொண்டுபோனேன் என்று தெரியாது. அவர் சித்திரை மாதப் பக்கத்திலிருந்து புரட்டினார். ஒன்று, ஒன்று, ஒன்று. இரண்டு. தேதியோடு. பென்சில் படத்தோடு. மூன்று வருகிற பக்கங்களில் நிதானமாகப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்தது பரிதாபமா ஆச்சரியமா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

“மேடம், நீங்க எலிப் பல்ல அளக்கல. உங்க விழித்திரை எப்படிக் கெட்டுக்கிட்டு வந்துதுன்னு நாள் தவறாம வரைஞ்சு வச்சிருக்கீங்க. இவ்வளவு சுத்தமா எந்தப் பேஷண்டும் எழுதினது இல்ல.”

வலது கண்ணில் தழும்பு விழுந்துவிட்டது என்றார். இனி ஊசி போட்டாலும் போன பார்வை வராது, மேற்கொண்டு கெடாமல் பார்க்கலாம், அவ்வளவுதான். நான் அழவில்லை. வீட்டுக்காரர்தான் அழுதார், ஆஸ்பத்திரிப் பெஞ்சில் உட்கார்ந்து, கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு. தன் லென்ஸால்தான் இப்படி ஆகிவிட்டது என்று நினைத்துவிட்டார். லென்ஸுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று டாக்டரே சொன்ன பிறகும் அவர் நம்பவில்லை. நான் அன்றைக்கே சொன்னேனே என்று இன்றுவரை அவர் ஒரு வார்த்தை சொல்லிக்காட்டவில்லை. சொல்லிக்காட்டியிருந்தால் பதிலுக்குச் சண்டை போட்டாவது ஆறியிருப்பேன்.

அம்மையாருக்கு எழுதினேன். நாலு வரி எழுத ஒரு நாள் ஆயிற்று. ஒரு மணி நேரத்துக்குள் பதில் வந்தது. முதல் பாதி முழுக்க என் கண்ணைப் பற்றி. பிற்பாதியில், கட்டுரையை அனுப்பாததால் யாருக்கும் எந்தக் கெடுதலும் இல்லை என்று எழுதியிருந்தார். கலந்து அனுப்பாதது தன் தவறுதான் என்றும் எழுதியிருந்தார். கிழக்கும் மேற்கும் ஒரே சிற்றினம், முன்பு இருந்த மாதிரியே. என் உழைப்பால் அந்த எலிக்கு ஒரு ரோமம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பைபிளுக்குள் இருந்த காகிதத்தை எடுத்துக் கிழித்துப் போட்டேன்.

டாக்டர் ஒரு சின்னத் தாள் கொடுத்திருந்தார். முழுக்கக் கட்டங்கள், நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி. இடது கண்ணுக்கும் அதே பவர், அதே ஆபத்து. தினமும் காலையில் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு இடது கண்ணால் புள்ளியைப் பார்க்க வேண்டும். ஏதாவது ஒரு கோடு வளைந்தால் அன்றைக்கே கிளம்பி வர வேண்டும், மறுநாள் கூடாது என்று இரண்டு தடவை சொன்னார். அதைச் சமையலறைக் கதவில் ஒட்டினோம். பால் காய்வதற்குள் பார்த்துவிடுவேன். மேலே, கீழே, இடம், வலம். எல்லாம் நேர். அதற்கப்புறம்தான் எனக்குக் காப்பி இறங்கும். இப்போது எதையும் பெரிய எழுத்தில் வைத்துத்தான் படிக்கிறேன், எழுதுகிறேன். இதையும் அப்படித்தான் எழுதுகிறேன்.

போன திங்கட்கிழமை காலை பால் காய்ந்துகொண்டிருந்தது. புள்ளிக்கு வலது பக்கம் மூன்றாவது கோடு, அடியிலிருந்து நாலு கட்டம் தள்ளி, ஒரு நூல் அளவு உள்ளே ஒதுங்கி நின்றது. கண்ணைக் கழுவிவிட்டு வந்து பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தேன். ஒதுங்கித்தான் இருந்தது. அடுப்பு ஆவியில் தாள் ஊறி மடங்கியிருக்கும் என்று தோன்றியது. மடங்கியிருக்க வேண்டும் கர்த்தாவே என்று நின்றேன். பாலை இறக்கிவிட்டு அவரைக் கூப்பிட்டேன்.

“இங்கன கொஞ்சம் வாங்க. இந்தத் தாளு ஊறி வளைஞ்சிருக்கா, பாத்துச் சொல்லுங்க.”

ஆமாம், வளைந்திருக்கிறது என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், நான் பிழைத்தேன். அவர் தாளைக் கதவிலிருந்து கிழியாமல் உரித்து எடுத்துக் கடைக்குள் கொண்டுபோனார். நானும் பின்னாலேயே போனேன். கண்ணாடி மேஜையில் விரித்து, வேலை விளக்கைப் போட்டு, நான் காட்டிய கோட்டின் மேல் நகத்தை வைத்து மேலிருந்து கீழே ஒரு தடவை மெதுவாக ஓட்டினார். அப்புறம் விளக்கை அணைத்தார்.

“ஏட்டி, சேலைய மாத்து. ஏழே கால் திருநவேலி பஸ்ஸப் பிடிச்சிருவோம்.”